உறைமேல் எழுதாத பெயர்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
12-1-1985

தம்பி மண்ணாங்கட்டிக்கு,

நீ எனக்குச் செய்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது கடைசியில் இருக்கட்டும். செத்துப்போன என் பிள்ளையின் பெயரை வாங்கிக்கொண்டு நீ கப்பல் ஏறினாய். ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்று அம்மாவின் முன்னால் என் கையில் அடித்துச் சொன்னாய். நீ ஆட்டத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. பெயர் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நீ பிறந்தது எல்லைச் சாவடிக்கு அந்தப் பக்கம், அம்மா வீட்டில். இங்கிலீஷ்காரன் ஊர். உன் பிறப்பை எவனும் எழுதி வைக்கவில்லை. நான் நெல்லித்தோப்பில் வாழ்க்கைப்பட்டதால் என் இராமதாஸ் பிரெஞ்சு மண்ணில் பிறந்தான். மேரி என்கிற நகராட்சி ஆபீஸில் பதிவு செய்து முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மில் டீமில் நீ தலையால் முட்டிப் போட்ட கோலைப் பார்த்துவிட்டு அந்த வெள்ளைக்கார முசே என்ன சொன்னார்? பதினெட்டு வயதும் பிரெஞ்சுப் பிறப்புப் பத்திரமும் இருந்தால் பிரான்ஸில் துலோன் என்ற ஊரில் ஒரு கிளப்பில் சேர்த்துவிடுவேன் என்றார். உனக்கு வயது இருபத்திரண்டு. பத்திரம் கிடையாது. என் தகரப் பெட்டியில் இருந்த தாளில் இரண்டும் இருந்தன. அஞ்சு வயதில் போன பிள்ளைக்கு என்னிடம் போட்டோ இல்லை, சட்டை இல்லை. அந்தத் தாள் ஒன்றுதான். 'போனவனுக்கு எதுக்குடி காகிதம்' என்று அம்மா மூன்று நாள் பட்டினி கிடந்தாள். கொடுத்தேன்.

போன மாதம் எனக்கு மில்லில் ஓய்வு கொடுத்தார்கள். நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் முப்பத்தேழு வருஷம். குடும்ப விவரம் எழுதும் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டான்.

"மவன் ஒருத்தன் பிரான்ஸ்ல இருக்கானே, அவன் கையெழுத்து வாங்கியாம்மா."

"அவன் அம்பதாம் வருசமே செத்துட்டான்."

"செத்தவன் எப்பிடிம்மா பிரான்ஸ்ல பந்து ஆடுவான்? பேப்பர்ல படம் வந்துச்சே, எங்கப்பா வெட்டி ஒட்டி வச்சிருந்தாரு."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நின்றுவிட்டு, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

வக்கீலைப் பார்த்தேன். பிள்ளை இறந்ததைப் பதிவு செய்ய வேண்டுமானால், சாவைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதித் தர வேண்டும் என்கிறார். நான் பார்க்கவில்லை. மில் வேலைக்காகப் பிள்ளையை அம்மாவிடம் விட்டிருந்தேன். காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். ஏதோ கலாட்டா என்று சாவடியை இரண்டு நாள் மூடிவிட்டார்கள். பெர்மிட் இல்லை, விடமாட்டேன் என்றான் சாவடிக்காரன். மூன்றாம் நாள் நான் போனபோது அவனைப் புதைத்துவிட்டு வந்து எல்லோரும் தலை முழுகிக்கொண்டிருந்தீர்கள். அன்று வீட்டில் இருந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நீ ஒருவன்தான்.

ஆகவே நீ எழுதித் தர வேண்டும். 'நான் மண்ணாங்கட்டி. இராமதாஸ் 1950-இல் காய்ச்சலில் இறந்தான். நான் பார்த்தேன்.' இவ்வளவுதான்.

உறையின் மேல் விலாசத்தை மருமகன் முருகையன் எழுதுகிறான். அந்தப் பெயரை உனக்கென்று என் கையால் எழுதமாட்டேன்.

முழங்கால் வலி தவிர எனக்குக் குறை இல்லை. உன் உடம்பும், சுலோசனாவும், பிள்ளைகளும் எப்படி என்று எழுது.

அக்கா செல்வாம்பாள்

*

துலோன்
20-2-1985

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். குளிர்தான் அதிகம். மச்சானுக்கு இருமல் தேவலையா?

நீ சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் இங்கே உள்ள வழக்கம் உனக்குத் தெரியாது அக்கா. இந்த ஊரில் ஒற்றைப் பெயர் செல்லாது. வந்த நாளிலேயே இராமதாஸ் என்பதைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். சுலோசனா இங்கே மதாம் இராமதாஸ். பையன் மிஷேல் இராமதாஸ். பெண் அன் இராமதாஸ். வீட்டுக் கதவில் பித்தளைத் தகட்டில் அதுதான் இருக்கிறது. நான் ஒருவன் கழற்றி வைத்தால் நான்கு பேரின் பெயர் போகும். குடியுரிமையும், வயதான காலத்துக்கு என்று இருப்பதும் சேர்ந்து போகும். கொஞ்சம் பொறு.

கிளப்பில் என்னைக் கைவிடவில்லை. பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். என்னை எல்லோருக்கும் தெரியும். கடைத்தெருவில் போனால் வயதானவர்கள் நெற்றியைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். என் நெற்றியைச் சொல்கிறார்கள்.

நீ ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனால் என்ன? அங்கே பிரெஞ்சு கோன்சுலேட்டில் 'தாய்' என்று ஒரு கையெழுத்துப் போட்டால் உடனே விசா கொடுப்பார்கள். பத்து வருஷமாகக் கேட்கிறேன்.

அவன் போன அன்று நான் அங்கே இருந்தேன், உண்மைதான். அதை மட்டும் எழுதச் சொல்லாதே. வேறு எது வேண்டுமானாலும் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மச்சானுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் தம்பி

*

நெல்லித்தோப்பு
15-3-1985

மண்ணாங்கட்டிக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மச்சானுக்கு இருமல் தேவலை. அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் கருமாதிக்கு நீ தந்தி கொடுத்தாய், அந்தத் தந்தி என் பெட்டியில் இருக்கிறது. கேட்க ஒன்றும் இல்லை என்றால் சும்மா இரு. செத்தவரை ஒரே கடிதத்தில் இரண்டு தடவை நலம் விசாரிக்காதே.

ஒருவனுக்கென்று கொடுத்ததை நான்கு பேர் உடுத்திக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல உனக்குக் கூச்சமும் இல்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பெயரே இல்லாமல் 'உன் தம்பி' என்கிறாய். ஒன்றை எழுத உனக்கு வெட்கம், இன்னொன்றை எழுத என்னிடம் பயம்.

உன் பெயரில் என்ன குறை? எனக்குப் பின்னால், உனக்கு முன்னால், அம்மா நான்கு பெற்று நான்கையும் பறிகொடுத்தாள். நல்ல பெயராக வைத்தால் எமன் கண்ணில் படும் என்றுதான் உன்னைக் குப்பையில் புரட்டி எடுத்து மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டாள். அந்தப் பெயர்தான் உன்னைக் காப்பாற்றியது. நான் படித்தவள்போல ஆசைப்பட்டு என் பிள்ளைக்கு நல்ல பெயர் வைத்தேன். வாசிக்கக் கற்றுக்கொண்டது நூல் கண்டுகளின் சீட்டைப் பார்த்து. முதன்முதல் நானாக எழுதிய வார்த்தை அவன் பெயர்தான்.

தாய் என்று கையெழுத்துப் போட மாட்டேன். உனக்குத் தாய் நம் அம்மா. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாட்சிக் கடிதத்தை அனுப்பு.

சுலோசனாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

செல்வாம்பாள்

*

துலோன்
2-6-1985

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டபடி சாட்சிக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். இனி உனக்கு என்மேல் கோபம் இருக்காது.

காது இரைகிறது. மருத்துவரிடம் காட்டினேன், வயது என்கிறார். எங்கள் காலத்துப் பந்து தோல் பந்து அக்கா. மழையில் ஊறினால் ஈயம் மாதிரி கனக்கும். மற்றவர்கள் குனிந்துகொள்வார்கள். நான் எம்புவேன். பயிற்சியில் மட்டும் ஒரு நாளைக்கு நூறு தடவை முட்டச் சொல்வார்கள். "நம்ம ஊர்க்காரன் தலை, உள்ளாற ஒன்னும் இல்ல, ஒடையாது" என்று நான் தமிழில் சொல்வேன். அவர்களுக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்பார்கள். அறுபத்தொன்பதில் ஒரு ஆட்டத்தில் கம்பத்தில் மோதி விழுந்தேன். எழுந்து இன்னும் ஒரு கோல் போட்டேனாம். எனக்கு நினைவில்லை. மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சுலோசனா கூப்பிடுகிறாள். மச்சானுக்கு இருமல் தேவலையா?

உன் தம்பி

*

நெல்லித்தோப்பு
28-6-1985

மண்ணாங்கட்டிக்கு,

உறைக்குள் சாட்சிக் கடிதம் இல்லை. 1971-ஆம் வருஷத்துப் பந்தாட்ட விளம்பரச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் உன் படம், கீழே என் பிள்ளையின் பெயர். முருகையன்தான் எழுத்துக்கூட்டிப் படித்தான். "அத்தே, மாமா வெளையாட்டுக்கு அனுப்பியிருப்பாரு" என்றான். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் காலையிலிருந்து லேத்தில் நின்றுவிட்டு வந்தவன், என்னைச் சமாதானம் செய்ய அவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மகள் வசந்தா அந்தச் சீட்டை எடுத்து ஒளித்து வைத்தாள். நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். உன் அநியாயத்துக்கு அத்தாட்சி.

உன் மச்சானைப் பற்றி மறுபடியும் கேட்டிருக்கிறாய். தாலி அறுத்தவளைக் கேலி செய்கிற அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய்.

உனக்குத் தலையில் அடிபட்ட கதையெல்லாம் எனக்கு எதற்கு? நான் கேட்டது மூன்று வரி. என் பிள்ளை பிறந்தான் என்று சர்க்கார் எழுதி வைத்திருக்கிறது. செத்தான் என்று எங்கும் இல்லை. அவனைப் புதைத்த ஏரிக்கரையை உடைத்து ரோடு போட்டுவிட்டார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று நிற்கிறான். நான் சாவதற்குள் அவனை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும்.

மூன்று வரி. இந்த முறை உறையை ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்.

காது இரைச்சலுக்கு வசம்பு சுட்டு நல்லெண்ணெயில் காய்ச்சி விடு. இல்லாவிட்டால் அந்த ஊர் வைத்தியம் எதுவோ அதைச் செய்.

செல்வாம்பாள்

*

துலோன்
9-9-1985

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? நான் நலம். இங்கே கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். கோடு நேராக வரவில்லை என்று திட்டுகிறார்கள். நீ எப்போது வருவாய்?

இராமதாஸ்

*

நெல்லித்தோப்பு
1-10-1985

மண்ணாங்கட்டிக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை.

பெயரைக் கேட்டேன். நீ உறவையும் எடுத்துக்கொண்டாய். என்னை அம்மா என்று கூப்பிட வசந்தா இருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஒருவன் இருந்தான். மூன்றாவதாக ஒருவரை நான் பெறவில்லை. கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறாய், இத்தனை வருஷம் என்னிடம் போடாத கையெழுத்து. விசாவுக்காக நான் தாய் என்று எழுதித் தரவில்லை என்பதால், நீயே எழுதி என்னைப் பழக்குகிறாய்போலும்.

வக்கீல் ஒரு மனு தயார் செய்திருக்கிறார். கோன்சுலேட்டுக்குக் கொடுப்பது. இராமதாஸ் என்று அங்கே வாழ்கிற ஆள் என் தம்பி, என் மகன் இறந்துவிட்டான் என்று அதில் இருக்கிறது. ஆள்மாறாட்டம் என்று ஒரு வார்த்தையும் போட்டிருக்கிறார். கொடுத்தால் உனக்கு என்னென்ன போகும் என்று அவர் சொன்னார். கேட்டுக்கொண்டேன். பொங்கல் வரை பார்ப்பேன். மூன்று வரி வந்தால் மனு வக்கீலிடமே இருக்கும். வராவிட்டால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அதுவரை எனக்கு எழுதாதே.

செல்வாம்பாள்

*

துலோன்
24-1-1986

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

சுலோசனா வணக்கத்துடன் எழுதுகிறேன். காகிதத்தின்படி நீங்கள் எனக்கு மாமியார். கல்யாணம் ஆன மறுவாரம் அவர் என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் மனதில் நீங்கள் அண்ணிதான். நான் பிறந்தது காரைக்கால், வளர்ந்தது இந்த ஊர். என் தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய குளிர்கால மேல்கோட்டை வெளுக்கப் போடும்போது பையில் உங்கள் கடிதங்கள் இருந்தன. அக்டோபர் கடிதத்தை அவர் பிரிக்கவே இல்லை. நான்தான் பிரித்துப் படித்தேன். பொங்கல் முடிந்துவிட்டது. நீங்கள் மனுவைக் கொடுத்துவிட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. கொடுத்திருந்தாலும் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

அவர் பயிற்சி கொடுப்பதாக எழுதியிருப்பார். அது பொய் அண்ணி. ஆட்டத்தை விட்டதும் கிளப்பில் அவருக்குக் கொடுத்த வேலை, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சனிக்கிழமை போட வேண்டும். அதையும் பெருமையாகத்தான் செய்தார். 'நான் போடுற கோட்டுக்குள்ளதான் எல்லாரும் ஆடணும்' என்பார். இரண்டு வருஷமாக மறதி. போன ஆகஸ்டில் ஒரு நாள், நடுக்கோட்டைப் போட்டுக்கொண்டே போனவர் ஓரத்தில் நிறுத்தவில்லை. சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, தெருவோடு வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டே துறைமுகம் வரை போய்விட்டார். போலீஸ்காரர் பிடித்து எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். பிரெஞ்சில் பதில் வரவில்லை. என்னை வரவழைத்தார்கள். "எங்கங்க போறீங்க?" என்றேன். "சாவடிக்கு. அம்மா நிக்கிறா" என்றார். அன்றோடு வேலை போயிற்று.

மருத்துவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். பந்தை முட்டி முட்டி, குத்துச்சண்டைக்காரர்களுக்கு வருகிற மாதிரி வந்திருக்கிறது என்றார். நாற்பத்தொரு வயதில் இது அதிசயம் என்றார். நாற்பத்தைந்து என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பிரெஞ்சு அநேகமாகப் போய்விட்டது. பிள்ளைகள் பேசினால் விழிக்கிறார். என்னை டீச்சர் என்று நினைக்கிறார். மண்ணாங்கட்டி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "அவன் வெளிய ஆடறான்" என்கிறார். இராமதாஸ் என்றால் திரும்பிப் பார்க்கிறார். அவர் வேண்டுமென்று உங்களை அம்மா என்று எழுதவில்லை.

இது எதையும் உங்களுக்கு எழுத அவர் என்னை விடவில்லை. சுயநினைவோடு இருந்தபோது, "எங்கக்காவுக்கு நான் ஆட்டக்காரனாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொன்னார்.

தினமும் காலையில் கடிதம் எழுதுகிறார். கிட்டத்தட்ட ஒரே கடிதம்தான். ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியலாம்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நலமாக இருக்கிறார் என்று முடிக்கத்தான் ஆசை.

சுலோசனா

*

(உள்ளே இருந்த தாள்)

அம்மா,

ஒடம்பு சுடுது. ஆயா கஞ்சி குடுக்குது, எறங்கல. மண்ணாங்கட்டி மாமா என் பந்த எடுத்து வச்சிக்கினான். நீ மில்லுலேருந்து கொண்டாந்த நூலுப் பந்து, செவப்புத் துணி சுத்துனது. குடுடான்னா, 'ஒங்கம்மா வந்து கேக்கட்டும், தர்றேன்'றான். நீ சாவடியாண்ட நிக்கிறியாம், தாத்தா சொல்லிச்சி. தொறந்ததும் வந்துடு. நான் தூங்க மாட்டேன். நீ வந்து கேட்டா குடுத்துடுவான்.

இராமதாஸ்

*

நெல்லித்தோப்பு
5-5-1986

சுலோசனாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் உடம்பு இல்லை.

மனுவை நான் கொடுக்கவில்லை. பொங்கல் கழித்துக் கொடுக்கப் புறப்பட்ட அன்று முழங்கால் வீங்கிக்கொண்டது. மறுவாரம் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் உன் கடிதம் வந்தது. என் நல்ல மனதால் அவன் தப்பவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ அனுப்பிய தாளைப் பற்றிச் சொல்கிறேன். ரீலிங்கில் மிஞ்சும் கழிவு நூலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, சுற்றிச் சுற்றி ஒரு பந்து செய்து என் பிள்ளைக்குக் கொடுத்தேன். பிரிந்துவிடாமல் இருக்க, என் கல்யாணச் சேலை முந்தானையில் கிழித்துச் சிவப்புத் துணி சுற்றினேன். அந்தப் பந்தைப் பற்றி நான் வாய் திறந்து யாரிடமும் பேசியதில்லை. என் மகளுக்குக்கூடத் தெரியாது.

என் பிள்ளை கடைசியில் என்ன சொன்னான் என்று அம்மாவைக் கேட்டேன். "தூக்கத்துல போயிட்டான், ஒன்னும் கேக்கல" என்றாள். சாகும் வரைக்கும் அதையே சொன்னாள். நானும் நம்பினேன். தூக்கத்தில் போனவனுக்கு நான் வராதது தெரிந்திருக்காது என்று முப்பத்தாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் தூங்கவில்லை. விழித்துக்கொண்டு என்னைப் பார்த்திருக்கிறான்.

பக்கத்தில் இருந்தது ஒன்பது வயதுப் பையன். கையில் பந்து. 'ஒங்கம்மா வந்து கேக்கட்டும்' என்று விளையாட்டுக்குச் சொன்னவன். நான் போய்க் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் நான் வாசலில் விழுந்து அழுதபோது அவன் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கல் நெஞ்சுக்காரன் என்று அன்றைக்கே திட்டினேன். சாட்சி எழுது, மூன்று வரி எழுது என்று போன வருஷமெல்லாம் நான் கேட்டது இதைத்தான். நல்ல நினைவோடு இருந்தவரை அவனால் எழுத முடியவில்லை. நினைவு போன பிறகு எழுதிவிட்டான்.

இதனால் நான் என் வழக்கை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. பெயரை எடுத்தது அநியாயம். திருப்பித் தராதது அதைவிட அநியாயம். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் திருப்பித் தர வேண்டியவன் இப்போது அங்கே இல்லை என்கிறாய். இருப்பவனிடம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கும் அதிகாரம் எனக்கு இல்லை.

இனி செய்ய வேண்டியதை எழுதுகிறேன். அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும்.

வக்கீல் அந்த மனுவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டார். அதைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் நீ அனுப்பிய தாளைப் பார்த்து அதில் ஒரு பிரதி எழுதிக்கொண்டேன். மூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டே இருந்தால் நைந்துவிடும்.

முருகையன் செய்ய வேண்டியது, பட்டறையில் மிஷின் துடைக்க வாங்கும் வேஸ்ட் நூலில் கிரீஸ் படாததாக ஒரு பை கொண்டுவருவது. "எதுக்கு அத்தே?" என்று கேட்டான். கேட்காமல் கொண்டா என்றேன். கொண்டுவந்துவிட்டான். வசந்தா தன் கல்யாணச் சேலையில் ஒரு முழம் கிழித்துத் தர வேண்டும். என்னுடையது மக்கிப் போய்விட்டது. அவள் மூன்று நாள் யோசித்தாள். கொடுத்தாள்.

உன் பிள்ளைகள் இருவரும் மண்ணாங்கட்டி என்ற பெயரைச் சொல்லப் பழக வேண்டும். நாக்கு சுளுக்கினாலும் சொல்லட்டும். கதவில் இருக்கும் தகடு இருந்துவிட்டுப் போகட்டும். அவர்கள் பிறந்தது முதல் அதுதான் அவர்கள் பெயர், அதை நான் பிடுங்க மாட்டேன். தங்கள் அப்பன் யார், அந்தப் பெயர் யாருடையது, இரண்டையும் தெரிந்துகொண்டு அந்தக் கதவைத் திறந்து மூடட்டும்.

நீ செய்ய வேண்டியது மூன்று. அவன் வாசல் பக்கம் போனால் பிடித்து இழுக்காதே, கூட நட. "சாவடி தொறந்துட்டாங்க, ஒங்கம்மா வந்துக்கினு இருக்கா" என்று சொல். இதுவரை இது பொய்யாக இருந்திருக்கும், இனிமேல் இல்லை. இரண்டாவது, அவன் எழுதும் தாள் ஒன்றைக்கூட எறியாதே. ஒன்று போல இருந்தாலும் எறியாதே. ஏதாவது ஒன்றில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கும். மூன்றாவது, அவன் காலம் முடியும்போது ஆபீஸில் அவர்கள் எந்தப் பெயரை எழுதினாலும் எழுதட்டும். கல்லில் மண்ணாங்கட்டி என்றுதான் இருக்க வேண்டும். தமிழில். எழுத்தை நான் எழுதிக் கொண்டுவருவேன், கொத்துகிறவன் பார்த்துக் கொத்தினால் போதும். என் பிள்ளைதான் ஒரு கல்லும் இல்லாமல் போனான். இவனும் அப்படிப் போகக் கூடாது.

கடைசியாக, நான்.

போன திங்கட்கிழமை கோன்சுலேட்டுக்குப் போனேன். உறவு என்று கேட்டார்கள். தாய் என்றேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்கள், போட்டேன். பிள்ளையைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். முப்பத்தாறு என்றேன். அவள் காகிதத்தைப் பார்த்து, கப்பல் ஏறி இருபத்துமூன்றுதானே வருகிறது என்றாள்.

இந்த உறையின் மேல் பெயரை இந்த முறை நானே எழுதினேன். முருகையன் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தான், வேண்டாம் என்றேன்.

ஜூலை பதினொன்றாம் தேதி வருகிறேன். என்னை அழைத்துப்போக நீ மட்டும் வா. அவனை வீட்டு வாசலிலேயே உட்கார வை. பந்தைச் சுற்றி முடித்துவிட்டேன், என் மடியில் இருக்கும். அவன் இராமதாஸாக உட்கார்ந்திருந்தால் பந்தை அவன் கையில் கொடுப்பேன். ஒருவேளை அந்த நேரத்தில் மண்ணாங்கட்டியாக இருந்தால், அவன் எதிரில் போய் நின்று, கையை நீட்டி, "எம் புள்ள பந்தக் குடுடா" என்று கேட்பேன்.

செல்வாம்பாள்